அலோபியூரினாலோடு சேர்த்து எடுத்த கைசோர குக்குலு: நாலு மாத அனுபவம்

கவுட் (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வாதம்) வந்தவர்களுக்குத் தெரியும், நடுராத்திரியில் கால் கட்டைவிரல் சிவந்து வீங்கி, போர்வை உரசினாலே உயிர் போகும். யூரிக் அமிலத்தைக் குறைக்க டாக்டர் கொடுத்த அலோபியூரினாலை விடாமல் எடுத்துக்கொண்டே நாலு மாதமாக ஆயுர்வேத வைத்தியர் கொடுத்த கைசோர குக்குலுவும் சாப்பிடுகிறேன். சீந்தில், திரிபலா, குக்குலு என்ற மரப்பிசின் எல்லாம் சேர்ந்த மாத்திரை, ஆயுர்வேதம் வாதரக்தம் என்று சொல்கிற இந்த நோய்க்குக் காலங்காலமாகக் கொடுப்பது. கசப்பு நாக்கிலேயே நிற்கும், வெந்நீரில் சட்டென்று விழுங்கிவிட வேண்டும். முதல் வாரம் வயிறு இளகியது (இதில் இருக்கும் சிவதை வேர் பேதியாக்கும்), வைத்தியர் அளவைக் குறைத்ததும் சரியாகிவிட்டது. காலை நேர விறைப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது.

ஆனால் ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே வந்ததற்கு அலோபியூரினால்தான் காரணம், குக்குலு தொடங்கும் முன்பே அது இறங்க ஆரம்பித்திருந்தது, அதனால் தயவுசெய்து அலோபியூரினாலை நிறுத்திவிடாதீர்கள். வலி உச்சத்தில் இருக்கும்போதும் குக்குலுவை நம்பி உட்கார வேண்டாம், டாக்டரிடம் போங்கள். அப்புறம், சீந்தில் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது. நான் டாக்டர், வைத்தியர் இரண்டு பேரிடமும் எல்லா மருந்தையும் காட்டி, கல்லீரல் பரிசோதனையும் செய்துகொண்டுதான் தொடர்கிறேன். துணை மருந்தாக ஐந்துக்கு மூன்றரை.