ஈப்போவில் ஒரு வாரம்: சுங்கை சிப்புட் பயண முகவரின் திட்டம் எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் எங்களுக்கு வாய்த்த பயண முகவர், தம்புன் லாஸ்ட் வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவுக்கு அருகில் தங்கவைத்து ஈப்போ வட்டாரத்தை ஒரு வாரம் சுற்றிக்காட்டும் திட்டம், பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் செல்லும் குடும்பங்களுக்குப் பொருந்தும். பூங்காவின் வெந்நீர் ஊற்றுகளுக்குத் தனியாக ஒரு மாலையை ஒதுக்கியிருப்பது முழங்கால் வலியுள்ளோருக்குப் பெரும் ஆறுதல்.

உணவுத் தேர்வில் அவரைக் குறை சொல்லவே முடியாது. தௌகே (முளைப்பயறு) கோழியும் வெள்ளைக் காப்பியும் எவரும் காட்டக்கூடியவையே. ஆனால், புந்தோங்கில் நம்மவர்கள் செய்யும் கச்சான் பூத்தே எனும் நொறுக்குத்தீனிக் கடைகளில், வறுத்த கடலையும் காரமுறுக்கும் சூடு ஆறுமுன் கைக்கு வரும்படி நேரம் பார்த்து அழைத்துச் சென்றார்.

பத்து காஜாவில்தான் திட்டம் சறுக்குகிறது. 1926இல் உரிமையாளர் கெல்லி ஸ்மித் இறந்ததால் முற்றுப்பெறாமல் நின்றுபோன கெல்லிஸ் மாளிகையைப் படமெடுத்த கையோடு வேன் கிளம்பிவிடுகிறது. அருகிலுள்ள மாரியம்மன் கோயிலின் மேல், தெய்வச் சிலைகளுக்கிடையே தொப்பியணிந்து நிற்கும் அந்தத் துரையின் உருவத்தை நாங்கள் வற்புறுத்திக் கேட்ட பிறகே காட்டினார்கள். முன்பணம் கட்டும்போதே கோயிலைப் பட்டியலில் சேர்க்கச் சொல்வது நல்லது. பூங்கா நுழைவுச்சீட்டு கட்டணத்தில் அடங்குமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.