‘ஃபுல் சர்வீஸ் பண்ணது’ என்று விற்கப்படும் பழைய சிடி பிளேயர்கள்: ஓர் எச்சரிக்கை

கையில் எடுத்துப்போகிற பழைய சிடி பிளேயர் ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விளம்பரத்தில் ‘ஃபுல் சர்வீஸ் பண்ணது, டெஸ்ட் பண்ணி அனுப்பப்படும்’ என்று இருக்கும். கூடவே அரை நிமிட வீடியோ ஒன்றும் இருக்கும். மூடியைத் திறக்கிறார்கள், டிஸ்க்கை வைக்கிறார்கள், சுழல்கிறது, முதல் பாட்டு கேட்கிறது. அந்த வீடியோவை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். டிஸ்க்கைப் படிக்கிற லேசர் செத்துக்கொண்டிருந்தாலும் அப்படி ஒரு வீடியோ எடுத்துவிடலாம். எனக்கு விற்றவர் அதைத்தான் செய்திருந்தார்.

பார்சல் வந்த அன்று குறை சொல்ல ஒன்றுமில்லை. மூடியெல்லாம் பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருந்தது. கம்பெனி அச்சிட்ட டிஸ்க் ஒன்று முழுதாக ஓடியது. கொஞ்ச நாளில், வீட்டில் எழுதிய சிடி-ஆர் எதைப் போட்டாலும் சுழன்று சுழன்று பார்த்துவிட்டு ‘நோ டிஸ்க்’ என்று காட்டத் தொடங்கியது. அப்புறம் அச்சு டிஸ்க்குகளே கடைசிப் பாட்டுகளில் திக்க ஆரம்பித்தன. கடைசியில் எதைப் போட்டாலும் அதே ‘நோ டிஸ்க்’தான்.

விற்றவருக்கு எழுதினேன். “உங்க டிஸ்க்ல கீறல் இருக்கும் சார், நல்லா தொடச்சுப் போடுங்க” என்றார். கவர் பிரிக்காத புது டிஸ்க்கைப் பிரித்துப் போட்டு வீடியோ எடுத்து அனுப்பினேன். “இந்த மாடல் சிடி-ஆர் எடுக்காது சார், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே” என்று பதில் வந்தது. நான் அனுப்பியது சிடி-ஆர் அல்ல, அச்சு டிஸ்க். அதோடு அந்த மாடலின் கையேட்டிலேயே சிடி-ஆர் ஓடும் என்று அச்சாகியிருக்கிறது. அந்தப் பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பினேன். உடனே பழி கூரியர்காரர் தலைக்குப் போனது. அதன் பிறகு பதிலே இல்லை.

ஆடியோ சாமான்கள் பழுது பார்க்கும் நண்பர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை. முதலில் லென்ஸை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் மெல்லத் துடைத்தார். தூசி படிந்த லென்ஸும் இதே மாதிரி அடம் பிடிக்கும் என்பதால், எந்த பிளேயரையும் குற்றம் சொல்லுமுன் அதைச் செய்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. துடைத்தும் மாற்றமில்லை. எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டுதான் அடிமூடியைக் கழற்றினார்.

லேசரும் லென்ஸும் சேர்ந்து டிஸ்க்கைப் படிக்கிற பகுதிதான் பிக்கப். அதன் ஓரத்தில் பிரீசெட் என்று கடுகளவில் ஒரு திருகு இருக்கும். லேசர் ஒளியை உண்டாக்கும் டயோடிலிருந்து எவ்வளவு ஒளி வரவேண்டும் என்பதை அதை வைத்துத்தான் ஃபேக்டரியில் நிர்ணயிக்கிறார்கள். அதன்பின் நகராதபடி மேலே ஒரு பொட்டு அரக்குப் பூச்சு வைப்பதும் உண்டு. எங்கள் பிளேயரில் அந்தப் பூச்சு உடைந்திருந்தது, பிரீசெட்டின் பள்ளத்தில் ஸ்க்ரூ டிரைவர் கீறிய தடம் புத்தம் புதிதாகத் தெரிந்தது. நண்பர் மீட்டர் வைத்து மின்னோட்டத்தை அளந்தார். பிக்கப்பில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரில் ஃபேக்டரி எழுதிய மில்லிஆம்பியர் கணக்கைவிட வெகு மேலே இருந்தது. “இதுதான் அந்த ஃபுல் சர்வீஸ்” என்று சிரித்தார்.

வயதான டயோடிலிருந்து போதுமான ஒளி வருவதில்லை. பிரீசெட்டைத் திருப்பி மின்னோட்டத்தை ஏற்றினால், அணையப் போகிற விளக்கு சுடர்விடுகிற மாதிரி கொஞ்ச நாளைக்கு எல்லா டிஸ்க்கையும் படிக்கும். அந்தக் கூடுதல் மின்னோட்டமே மிச்ச ஆயுளையும் தின்றுவிடும். வீடியோ எடுக்கவும் பார்சல் கட்டவும் அந்தக் கொஞ்ச நாள் போதும். பிரீசெட்டைத் தொட்டவர் எல்லாரும் மோசடிக்காரர் என்று சொல்ல மாட்டேன். புது பிக்கப் மாற்றிவிட்டு, மீட்டர் வைத்து அளந்து சரிசெய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பிக்கப் மாற்றியதையே பெருமையாக விளம்பரத்தில் போடுவார்கள்.

டிஸ்க்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்ட வரிசையும் தற்செயல் அல்ல. சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். அச்சு டிஸ்க்கில் உள்ள அலுமினியப் படலம் விழுந்த ஒளியில் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. சிடி-ஆர் அதைவிடச் சற்றுக் குறைவு. அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ 15 முதல் 25 சதவீதம்தான். ஆகவே லேசர் தளரத் தளர முதலில் ஆர்டபிள்யூ போகும், அப்புறம் ஆர், கடைசியில்தான் அச்சு டிஸ்க். அச்சு டிஸ்க் ஒன்றைப் போட்டுக் காட்டி முடித்துக்கொள்கிற விற்பனையாளர், இருப்பதிலேயே சுலபமான பரீட்சையைத்தான் எழுதிக் காட்டுகிறார். 1990களின் ஆரம்பத்து பிளேயர்களில் பல, லேசர் நன்றாக இருந்தாலும் ஆர்டபிள்யூவைப் படிக்காது. அது குறையல்ல, ஆர்டபிள்யூ டிஸ்க் வருவதற்கு முன்னால் செய்யப்பட்டவை அவை.

அதே அரை நிமிட வீடியோ இன்னும் இரண்டு விஷயங்களை மறைக்கிறது. சிடி உள்வட்டத்தில் தொடங்கி வெளியே போகும். முதல் பாட்டு மட்டும் ஓடினால் பிக்கப் இருந்த இடத்தைவிட்டு அநேகமாக அசையவே இல்லை என்று அர்த்தம். அதை வெளியே தள்ளிக்கொண்டு போகிற பற்சக்கரம் விரிசல் விட்டிருந்தாலும், பிக்கப் நகரும் தண்டவாளத்தில் கிரீஸ் காய்ந்து கெட்டியாகியிருந்தாலும் கடைசிப் பாட்டுகளில்தான் வெளிச்சத்துக்கு வரும். எங்கள் பிளேயரில் கிரீஸ் மஞ்சளாகிப் பிசினாக ஒட்டிக்கொண்டிருந்தது.

இன்னொன்று ஆன்டி-ஷாக். இதைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆன்டி-ஷாக் போட்டிருக்கும்போது பிளேயர் டிஸ்க்கை வேகமாகச் சுழற்றி, வரப்போகிற இசையை முன்கூட்டியே படித்து மெமரியில் சேர்த்துக்கொள்கிறது. நடக்கும்போது குலுங்கினால், மெமரியில் இருப்பது தீர்வதற்குள் விட்ட இடத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். இதையே நோயாளி லேசருக்கும் முகமூடியாகப் போடலாம். லேசர் ஓரிடத்தில் நாலைந்து தரம் தடுமாறிப் படித்தாலும் காதுக்குத் தெரியாது, மெமரி பூசி மெழுகிவிடும். பழைய பிளேயர் எதையும் பரிசோதிக்கும்போது முதல் வேலையாக ஆன்டி-ஷாக்கை அணைத்துவிடுங்கள். சில மாடல்களில் அணைக்க முடியாது. அங்கே காதை மெஷினோடு ஒட்டி வைத்துக் கேளுங்கள். பாட்டு சீராகப் போகும்போதே உள்ளே பிக்கப் ‘டிக் டிக்’ என்று முன்னும் பின்னும் அலைந்தால், அது தேடிக்கொண்டிருக்கிறது.

பெட்டிக்குள் இருந்த மற்றவையும் லேசுப்பட்டவை அல்ல. இந்த மாடலுக்குள்ளே போவது சாதாரண ஏஏ செல் இல்லை, தட்டையான கம்-ஸ்டிக் பேட்டரி. வந்த இரண்டும் சார்ஜ் ஏறாத சவங்கள். ஏஏ செல் போட்டு வெளியே மாட்டிக்கொள்ளும் சின்ன உறை ஒன்று கம்பெனியே தந்தது. அது விளம்பரப் படத்தில் இருந்தது, பெட்டியில் இல்லை. ஒல்லியான மாடல்களில் சிலவற்றில் டிஸ்ப்ளேயே ஒயர் ரிமோட்டில்தான் இருக்கும். ரிமோட் இல்லாமல் வாங்கினால் எத்தனையாவது பாட்டு ஓடுகிறது என்றுகூடத் தெரியாது.

அடாப்டர்தான் இதில் ஆபத்தானது. பழைய பிளேயர்கள் சில 3 வோல்ட், சில 4.5, சில 9. பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். வட்டத்துக்கு நடுவே புள்ளி வைத்த சின்னப் படமாக அது பிளேயரின் சாக்கெட் பக்கத்தில் இருக்கும். எனக்கு வந்த அடாப்டரில் அது நேர்மாறாக இருந்தது. செருகியிருந்தால் லேசரைப் பற்றிப் பேசவே வேலை இருந்திருக்காது.

பணம் திரும்பி வந்தது, ஆனால் விற்றவர் மனம் இரங்கியல்ல. தளத்தில் புகார் கொடுத்ததும் அவர் “நீங்க ஓப்பன் பண்ணிட்டீங்க, இனிமே ரிட்டர்ன் கிடையாது” என்று வந்தார். பிரிப்பதற்கு முன்னாலேயே எடுத்த வீடியோக்களும், அவரே ஒன்றுக்கொன்று முரணாக அனுப்பிய பதில்களும் இருந்ததால், விற்பனைத் தளத்தின் புகார்ப் பிரிவு என் பக்கம் தீர்த்தது. அனுப்பும் செலவு என் தலையில். பிளேயரைத் திருப்பி அனுப்பிய சில வாரத்தில் அதே மெஷின், அதே படங்களோடு மறுபடி விற்பனைக்கு வந்துவிட்டது. இன்னொருவர் வாங்கியும் இருப்பார்.

அவருடைய மற்ற விளம்பரங்களையும் அப்போது புரட்டினேன். ஒன்றில் ‘1982ல் வந்த உலகின் முதல் டிஸ்க்மேன், அபூர்வம்’ என்று போட்டிருந்தார். டிஸ்க்மேன் என்பது சோனி தன் கை சிடி பிளேயர்களுக்கு வைத்த பெயர். சிடி என்பதே 1982 அக்டோபரில்தான் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. கையில் எடுத்துப்போகிற முதல் சிடி பிளேயரான சோனியின் டி-50 வந்தது 1984ல். படத்தில் இருந்த மெஷினின் மூடியிலோ எம்பி3 என்று பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது! மூடியில் எம்பி3 எழுத்தோ, ஆன்டி-ஷாக் விநாடிக் கணக்கோ இருக்கும் எதுவும் 1980களின் சரக்கு அல்ல.

பழசே வேண்டாம், புதிதாக வாங்கிக்கொள்கிறேன் என்பவர்களுக்கும் பெட்டி மேல் ஏமாற்று உண்டு. ‘120 விநாடி ஆன்டி-ஷாக்’ என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சிடியில் விநாடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் (சாம்பிள்), ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். ஆக விநாடிக்கு 14 லட்சம் பிட்டுக்கு மேல். 16 மெகாபிட் மெமரியில் அது சுமார் 12 விநாடிதான் கொள்ளும். அதே மெமரியில் விநாடிக்கு 128 கிலோபிட் எம்பி3 என்றால் 130 விநாடி போகும். அந்த 120 விநாடி எம்பி3 டிஸ்க்குக்கான கணக்கு. சாதா ஆடியோ சிடிக்கு என்ன என்பது கையேட்டின் உள்ளே பொடி எழுத்தில் இருக்கும். சிறிய மெமரியில் ஆடியோ சிடிக்கே 40, 45 விநாடி வருகிறது என்றால் இசையைச் சுருக்கித்தான் உள்ளே வைக்கிறார்கள். நடக்கும்போது கேட்க அது பரவாயில்லை, உட்கார்ந்து கேட்கும்போது அணைத்துவிடலாம்.

சிடியைவிடத் துல்லியம் என்று சொல்லும் ‘ஹை-ரெஸ் ஒலி’ ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆடியோ சிடியில் 16 பிட்டுக்கு மேல் எதுவும் கிடையாது. புளூடூத் உள்ள மாடல்களில் பாட்டு பெரும்பாலும் சுருக்கப்பட்டுத்தான் ஒயர் இல்லாத ஹெட்போனுக்குப் போகிறது. ஒயர் இல்லாத வசதிக்காக என்றால் சரி, சிடியின் முழுத் தரத்துக்காக என்றால் காசு வீண். நான் கேட்டுப் பார்த்த மலிவு மாடல் ஒன்று, நேரடிக் கச்சேரிப் பதிவில் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே கைதட்டலை அரைவிநாடி வெட்டியது. இடைவெளி இல்லாமல் ஓடும் டிஸ்க் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் போட்டுப் பாருங்கள், அங்கேயே தெரிந்துவிடும்.

லென்ஸ் துடைக்க பிரஷ் ஒட்டிய ‘கிளீனிங் டிஸ்க்’ விற்கிறார்கள். முடி போன்ற கம்பிகளில் மிதந்துகொண்டிருக்கிற லென்ஸின் மேல் பிரஷ்ஷைச் சுழற்றி அடிக்கிற அந்தச் சாமானை நான் தொடமாட்டேன்.

இப்போதெல்லாம் விற்பவரிடம் ஒரே ஒரு வீடியோதான் கேட்கிறேன். 70 நிமிடத்துக்கு மேல் எழுதிய சிடி-ஆர், ஆன்டி-ஷாக் அணைத்திருப்பது டிஸ்ப்ளேயில் தெரிய வேண்டும், கடைசிப் பாட்டு முடிகிறவரை, நடுவில் வெட்டு இல்லாமல். கேட்டதும் பலர் காணாமல் போகிறார்கள். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். ஒருவர் மட்டும் வீடியோவோடு இப்படியும் எழுதியிருந்தார்: “ஆர் எல்லாம் நல்லா ஓடுது. ஆர்டபிள்யூ போட்டா சில நேரம் ரெண்டு தடவை மூடித் திறக்கணும். பேட்டரி டப்பாவுல துரு இருந்துச்சு, தேய்ச்சு எடுத்திருக்கேன், தடம் தெரியும். பிக்கப்ப நான் தொடல.” அவரிடம்தான் வாங்கினேன். ஆர்டபிள்யூவுக்கு இரண்டு தடவை மூடித் திறக்க வேண்டித்தான் இருக்கிறது.