மூட்டுத் தொற்றுப் பிரிவு: முழங்காலில் கிருமி தேடிய நாட்கள்

சர்க்கரை நோயுள்ள என் தந்தைக்கு வலது முழங்கால் திடீரென வீங்கிக் காய்ச்சலும் கண்டபோது, முதலில் பார்த்த மருத்துவமனையில் அதை யூரிக் அமிலத்தால் வந்த வாதம் என்று முடிவு செய்து, வலி மாத்திரையும் ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக்கும் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். வீக்கம் வடியவில்லை. அதன்பின் நாங்கள் சென்ற, மூட்டுத் தொற்றுக்கெனத் தனிப் பிரிவு வைத்திருக்கும் மருத்துவமனையைப் பற்றியதே இந்த மதிப்புரை.

அங்கே எக்ஸ்ரேவுக்கு முன்பே, விழுங்கிய மாத்திரைகள் எவை என்று கேட்டார்கள். ஆன்டிபயாடிக் உள்ளே போயிருந்தால் கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், கிருமி வளராமலே போகக்கூடும் என்பதுதான் காரணம். ஒரு மணி நேரத்திற்குள் ஊசி போட்டு மூட்டு நீரை எடுத்தார்கள். மருத்துவர் அந்தக் குழாயை அச்சிட்ட படிவத்தின்மேல் பிடித்து, பின்னால் உள்ள எழுத்து தெரிகிறதா என்று என்னிடம் கேட்டார். ஒரு எழுத்தும் தெரியவில்லை; நீர் அவ்வளவு கலங்கியிருந்தது. நீரில் யூரிக் அமிலப் படிகங்கள் இருந்தன. ஆனால் படிகம் இருப்பதாலேயே தொற்று இல்லை என்று ஆகிவிடாது என்று சொல்லி, நீரின் ஒரு பகுதியை ரத்த கல்ச்சர் பாட்டில்களிலும் செலுத்தினார்கள். சில கிருமிகள் வழக்கமான கல்ச்சர் தட்டில் வளர மறுத்து, பாட்டிலில் மட்டும் வளருமாம்.

இந்தப் பிரிவின் உண்மையான பலம் அதன் ஆய்வகம். மூன்றாம் நாள், கிருமியை அடையாளம் காணும் கருவி அது ‘சூடோமோனாஸ்’ என்ற கிருமி என்று காட்டியது. பெரும்பாலான இடங்களில் அத்துடன் அறிக்கை கையெழுத்தாகியிருக்கும். நுண்ணுயிரியல் மருத்துவரோ, ஜென்டாமைசின், கோலிஸ்டின் ஆகிய ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத இந்தக் கிருமி, சூடோமோனாஸின் வழக்கத்துக்கு மாறாக, அமாக்சிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாடிக்குக்கு மட்டும் எப்படி அடங்குகிறது என்ற சந்தேகத்தோடு வார்டுக்கே வந்து, தந்தை ஈர மண்ணில் வெறுங்காலோடு வேலை செய்வதுண்டா என்று விசாரித்தார். உண்டு. மறுபரிசோதனையில் அது, ஈர மண்ணில் வாழும் ஒரு கிருமியால் வரும் மெலியாய்டோசிஸ் என்ற நோய் என்று உறுதியானது. 1911-இல் ரங்கூனில் மருத்துவர்கள் விட்மோரும் கிருஷ்ணசாமியும் கண்டறிந்த நோய் அது. சர்க்கரை நோயாளிகளை அதிகம் தாக்குவது.

அறுவை அரங்கில் மூட்டைத் திறந்து கழுவினார்கள். நான்கு வாரம் ரத்தக் குழாய் வழியாக மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தபின், நோய் திரும்ப வராமலிருக்க மூன்று மாதம் கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை. காய்ச்சல் முற்றிலும் நிற்கப் பல நாட்கள் ஆயின. இந்நோயில் அது இயல்பே என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நாங்கள் பதறவில்லை.

குறைகளும் உண்டு. கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை ரத்தத்தில் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடும் என்பதால் அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த சுருக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் கேட்ட பிறகே பேனாவால் எழுதித் தந்தார்கள். இவ்வளவு கவனமாக நோயைக் கண்டறிந்த இடத்தில் இது பொருந்தாத அலட்சியம். பிசியோதெரபியும் தாமதமாகவே தொடங்கியது; தந்தையால் இன்னும் முழங்காலை முழுதாக மடக்க முடியவில்லை.

இருந்தாலும் இதே நிலையில் இன்னொருவர் கேட்டால் இந்த இடத்தையே சொல்வேன். போகிறவர்கள் அதுவரை விழுங்கிய மாத்திரைகளின் அட்டைகளைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டு செல்லவும். நாங்கள் பெயர் நினைவில்லாமல் கால் மணி நேரம் விழித்துக்கொண்டு நின்றோம்.