சாயா மாத்திரை: வாரம் ஒன்றுதான், ஆனால் முதல் மூன்று மாதம் இரண்டு

கருத்தடை மாத்திரையான சாயாவைப் பற்றிப் பலருக்கும் தெரிந்தது 'வாரத்துக்கு ஒரு மாத்திரை' என்பது மட்டும்தான். அந்த அரைகுறைத் தகவலே காலை வாருகிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் இலவசமாகத் தருகிறார்கள். ஓர் அட்டையில் 8 மாத்திரை. ஒவ்வொன்றிலும் 30 மி.கி. சென்ட்குரோமேன். லக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் உருவாக்கிய மருந்து இது. 1991 முதல் மருந்துக் கடைகளில் 'சகேலி' என்று விற்பதும் இதைத்தான். இதில் ஹார்மோன் கிடையாது. கருமுட்டை வருவதை இது தடுப்பதில்லை. கருப்பையின் உள்சவ்வு கருவை ஏற்கும் பக்குவத்துக்கு வராமல் செய்துவிடுகிறது. ஹார்மோன் இல்லாததால் பால் கொடுக்கும் தாய்மாரும் சாப்பிடலாம். மாலா-என் போன்ற கலப்பு ஹார்மோன் மாத்திரையைப் பால் கொடுப்பவர்கள் முதல் 6 மாதம் தொடக்கூடாது என்பதை வைத்துப் பார்த்தால், பிரசவம் ஆனவர்களுக்கு இது பெரிய வசதி.

சாப்பிடும் முறைக்கு வருவோம். மாதவிடாய் தொடங்கும் முதல் நாளே முதல் மாத்திரை. அது ஞாயிறு என்றால் அடுத்தது புதன். மறுபடி ஞாயிறு, புதன். திங்கள் என்றால் வியாழன், செவ்வாய் என்றால் வெள்ளி. இப்படி மூன்று மாதம், அதாவது 12 வாரத்துக்கு மூன்று அட்டை சரியாகப் போகும். நான்காம் மாதத்திலிருந்து முதல் மாத்திரை போட்ட அதே கிழமையில் வாரம் ஒன்று. தொடக்கத்தில் இரண்டு எதற்கென்றால், மருந்து உடம்பில் போதிய அளவு சேர வேண்டும். எடுத்த எடுப்பிலேயே வாரம் ஒன்று என்று ஆரம்பித்தால் அந்த அளவு சேர்வதற்குள் கரு தங்கிவிடலாம்.

இன்னொரு தவறு, மாலா-என் சாப்பிட்டுப் பழகியவர்கள் செய்வது: ஒவ்வொரு மாதவிடாய்க்கும் கணக்கைப் புதிதாகத் தொடங்குகிறார்கள். சாயாவுக்குக் கிழமைதான் கணக்கு. நடுவில் மாதவிடாய் வந்தாலும் வராவிட்டாலும் கிழமை மாறாது. தினசரி காலண்டரில் முன்கூட்டியே வட்டம் போட்டுவைப்பது நல்லது. அதை வீட்டுக்காரரும் போடலாம், கை ஒன்றும் தேய்ந்துவிடாது.

மறந்துவிட்டால்? 7 நாளுக்குள் நினைவு வந்தால் உடனே போட்டுவிட்டுப் பழைய கிழமையையே தொடர வேண்டும்; அடுத்த மாதவிடாய் வரை ஆணுறையும் வேண்டும். 7 நாளைத் தாண்டிவிட்டால் கரு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மறுபடி வாரம் இரண்டிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும்.

பலர் பாதியில் நிறுத்துவது வேறு காரணத்தால். முதல் சில மாதம் நாள் தள்ளிப்போகும், போக்கும் குறையும். 'நாள் தள்ளிப்போயிருக்கு' என்றால் நம் வீடுகளில் என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. பயந்துபோய் மாத்திரையை நிறுத்துகிறார்கள். நிறுத்தியதால் உண்மையிலேயே கரு தங்குகிறது. மாத்திரை கொடுக்கும்போதே நர்சம்மா சொல்ல வேண்டிய முதல் விஷயம் இது. 15 நாளுக்கு மேல் தள்ளினால் யூரின் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

பி.சி.ஓ.டி. எனப்படும் சினைப்பை நீர்க்கட்டி, அண்மையில் வந்த மஞ்சள் காமாலை, கல்லீரல் நோய், சிறுநீரக நோய், காசநோய் உள்ளவர்களுக்கு இது ஆகாது.

கிழமைக் கணக்கே ஒத்துவராதவர்களுக்கு, கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி 380ஏ மேல். 10 ஆண்டு வேலை செய்யும். அந்தரா என்ற கருத்தடை ஊசி 3 மாதத்துக்கு ஒன்று. ஆனால் அடுத்த ஆண்டே குழந்தை வேண்டும் என்பவர்கள் யோசிக்க வேண்டும்: கடைசி ஊசியிலிருந்து கரு தங்க 7 முதல் 10 மாதம் வரை ஆகலாம். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கவும் கூடாது, ஒத்தடமும் கூடாது.

இவை எதுவும் பால்வினை நோயைத் தடுக்காது, அதற்கு ஆணுறைதான். குழந்தை போதும் என்று முடிவெடுத்த ஆண்களுக்குத் தழும்பில்லா வாசக்டமி என்ற கருத்தடை சிகிச்சை இருக்கிறது. செய்த மறுநாளே பலன் என்று நினைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்: 3 மாதம் வேறு தடுப்பு வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என்று தெரிய வேண்டும்.