ஃபேமிலி ஆபீஸ் என்று வந்து நின்றால் ஓடிபி சொல்லாதீர்கள்: 17,75,312 ரூபாய் போனது

17,75,312 ரூபாய். டிசம்பர் 15 அட்வான்ஸ் டாக்ஸுக்காக ஆடிட்டர் கணக்குப் போட்டு நேற்று சொன்ன தொகை. அப்பா எந்த மியூச்சுவல் ஃபண்டையும் விற்கவில்லை. விற்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

புகார் கொடுத்திருப்பதால் அந்த ஃபேமிலி ஆபீஸின் பெயர் போடவில்லை. வசதியான குடும்பங்களுக்கு முதலீடு, வரி, உயில், டிரஸ்ட், இன்சூரன்ஸ் என்று எல்லாவற்றையும் தாங்களே ஒருங்கிணைத்துத் தருவதாகச் சொல்லும் நிறுவனம். ஃபேமிலி ஆபீஸ் என்ற பெயரில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் தனி உரிமம் எதுவும் கிடையாது. யாரும் போர்டு மாட்டலாம். போர்டுக்குப் பின்னால் இருப்பவர், ஐஎன்ஏ என்று தொடங்கும் பதிவெண் உள்ள ஆலோசகரா, ஃபண்ட் விற்பதற்கான ஏஆர்என் எண் வைத்திருக்கும் விநியோகஸ்தரா என்பதுதான் கேள்வி. ஆலோசகருக்கு நீங்கள் ஃபீஸ் கொடுக்கிறீர்கள், விநியோகஸ்தருக்கு ஃபண்ட் கம்பெனி கமிஷன் கொடுக்கிறது. ஒரே குடும்பத்திடம் இரண்டு வேடமும் போடக் கூடாது, அதே குழுமத்தின் இன்னொரு கம்பெனி வழியாகவும் கூடாது.

எங்களிடம் இரண்டையும் போட்டார்கள். ஒப்பந்தத்தில் ஆலோசனைக் கம்பெனி, ஃபீஸ் ஆண்டுக்கு 1,51,000. நிலையான ஃபீஸுக்கு செபி வைத்திருக்கும் உச்சவரம்பே அதுதான் என்பதால் ஒழுங்கான ஆட்கள் என்று நம்பினோம். உண்மையில் நம்பிக்கை வந்தது அதற்கும் முன்னால். பீரோவில் கிடந்த பழைய காகிதப் பங்குச் சான்றிதழ்களைக் காசு வாங்காமல் அலைந்து டீமேட் ஆக்கிக் கொடுத்தார் அந்த ரிலேஷன்ஷிப் மேனேஜர். அதற்கப்புறம் அப்பா அவரிடம் எதையும் இரண்டாவது முறை கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் போன். “எல்லாத்தையும் நம்ம சிஸ்டத்துக்குள்ள கொண்டு வரணும் அங்கிள், ஓடிபி வரும், சொல்லுங்க போதும்.”

சொன்னார். அப்பா பெயரில், கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானில் இருந்த 3.1 கோடி, அதே ஃபண்டுகளின், விநியோகஸ்தருக்குக் கமிஷன் போகும் ரெகுலர் பிளானுக்கு ஸ்விட்ச் ஆனது. விற்றதும் அதே ஃபண்ட், வாங்கியதும் அதே ஃபண்ட்! ஆனால் வருமான வரிக்கு ஸ்விட்ச் என்றால் விற்பனை. லாபம் 1.2 கோடி, எல்லாம் பழைய யூனிட்கள். விலக்கு 1.25 லட்சம் போக 12.5 சதவீத வரி 14,84,375. ஒரே வருடத்தில் வருமானம் ஒரு கோடியைத் தாண்டியதால் அந்த வரியின் மேல் 15 சதவீத சர்சார்ஜ், அதற்கு மேல் 4 சதவீத செஸ். ஆகமொத்தம் 17,75,312.

அவர்களுக்கு என்ன லாபம்? எங்கள் ஃபண்டுகளில் இரண்டு பிளானுக்கும் செலவு வித்தியாசம் சராசரியாக 0.8 சதவீதம். அதாவது ஆண்டுக்குச் சுமார் இரண்டரை லட்சம், பில் இல்லாமல், யூனிட்டின் விலையான என்ஏவியிலிருந்தே கழிந்துவிடும்.

கேட்டால் முதல் பதில், “ஓடிபி கொடுத்தது நீங்கதானே.” அடுத்து, கம்ப்ளையன்ஸ் டீம் பார்க்கிறது. அந்த மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாராம், புதியவருக்கு ஃபைல் இன்னும் வரவில்லையாம். கடைசியாக ஒருவர், “எப்பவாவது கட்ட வேண்டிய வரிதானே சார்” என்றார். அதுதான் வயிற்றெரிச்சல். அப்பாவின் திட்டம் வருடா வருடம் கொஞ்சமாக எடுப்பது. வருமானம் 50 லட்சத்துக்குள் நின்றால் சர்சார்ஜே கிடையாது, ஒவ்வொரு வருடமும் 1.25 லட்சம் விலக்கும் கிடைத்திருக்கும். இப்போது சர்சார்ஜ் மட்டும் 2.22 லட்சம், மீதி 15 லட்சம் சொச்சம் இத்தனை வருடம் முன்னதாகவே கையை விட்டுப் போகிறது.

எப்படி ஆள் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. ஐஎன்ஏ எண்ணை செபி தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள், அவர்கள் அனுப்பும் பிடிஎஃப் போதாது. ஒருங்கிணைந்த கணக்கறிக்கையில் ஒவ்வொரு ஃபோலியோவிலும், அதாவது ஃபண்ட் கணக்கிலும், ஆலோசகர் என்ற இடத்தில் டைரக்ட் என்று இருக்கிறதா பாருங்கள், ஏஆர்என் எண் இருந்தால் யாருக்கோ கமிஷன் போகிறது. அரையாண்டு அறிக்கையில் அது ரூபாயிலேயே இருக்கும். ஓடிபி மெசேஜை முழுக்கப் படியுங்கள், ஸ்விட்ச் என்ற சொல் இருந்தால் போனை வைத்துவிட்டு ஆடிட்டரைக் கூப்பிடுங்கள். எங்கள் புகார் செபியின் புகார் தளமான ஸ்கோர்ஸில் ஏறியாகிவிட்டது, பதில் தர அவர்களுக்கு 21 நாள்.