உளவியல் படிக்கப் பள்ளியில் என்ன பாடம் எடுப்பது? ஒரு ஆலோசனைச் சேவையின் விமர்சனம்

மேல்நிலை வகுப்பில் பாடம் தேர்ந்தெடுக்க வேண்டிய பிள்ளைகளுக்கு இணையவழியில் வழிகாட்டும் சேவை இது. குறைகளும் சொல்லப் போவதால் பெயரைத் தவிர்த்துவிடுகிறேன். என் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்க ஆசை. எந்தப் பாடங்களை எடுத்தால் விண்ணப்பம் வலுவாக இருக்கும் என்று கேட்கத்தான் பதிவு செய்தோம். ஆளுமைக் கேள்வித்தாள், ஆலோசகரோடு வீடியோ காலில் உரையாடல், கடைசியில் ஒரு ரிப்போர்ட் என்று மூன்று பகுதிகள். அந்த உரையாடல் ஒன்றுக்காகவே இந்தச் சேவையைத் தைரியமாகப் பரிந்துரைப்பேன்.

ஆலோசகர் எடுத்த எடுப்பில் எந்தப் பாடத்தின் பெயரையும் சொல்லவில்லை. உளவியல் பட்டப்படிப்பின் முதலாண்டுப் பாடத்திட்டத்தைத் திரையில் வைத்து, "ஒவ்வொரு வரியையும் படிச்சுப் பாரும்மா. இதுக்கு உதவுற மாதிரி பள்ளியில எந்தப் பாடம் இருக்குன்னு பக்கத்துல எழுது" என்றார். மகள் எழுத எழுத எனக்கே படம் தெளிவானது. ஆய்வு முறைகள், புள்ளியியல் என்ற இரண்டுக்கும் கணிதம். மூளை, நரம்பு மண்டலம் எல்லாவற்றுக்கும் உயிரியல். நீண்ட கட்டுரைகளுக்கு வரலாறு அல்லது இலக்கியம். 'மனிதர்களைப் புரிந்துகொள்வது' என்று அவள் நினைத்து வைத்திருந்த பகுதி அந்தப் பக்கத்தில் கொஞ்சம்தான் இருந்தது.

உயிரியல் ஏன் என்பதற்கு அவர் சொன்ன உதாரணம் ஹென்றி மொலைசன். வலிப்பு நோய்க்காக 1953-இல் அவருக்கு மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். இரண்டு பக்கமும், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு புதிதாக நடப்பது எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார், அதற்கு முன் செய்ததே ஞாபகம் இல்லாமல். நினைவு என்பது ஒன்றல்ல, பல வகை என்று அறிவியல் உலகம் தெரிந்துகொண்டதில் 2008-இல் இறந்த அந்த மனிதருக்குப் பெரிய பங்கு உண்டு. உயிரியல் மனப்பாடப் பாடம் என்று சலித்துக்கொண்டிருந்த பெண், அன்று மாலையே ஹிப்போகாம்பஸ் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தாள்.

கணிதத்துக்கு அவர் கதை சொல்லவில்லை, வீட்டுப்பாடம் கொடுத்தார். 1935-இல் ஸ்ட்ரூப் என்ற உளவியலாளர் வெளியிட்ட சோதனையின் எளிய வடிவம். 'சிவப்பு' என்ற சொல் நீல மையில் இருக்கும். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். சொல்லும் நிறமும் பொருந்துகிற பட்டியல் ஒன்று, பொருந்தாதது ஒன்று. மகள் ஸ்கெட்ச் பேனாவால் இரண்டையும் எழுதி, வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து, போனில் நேரம் பார்த்தாள். பொருந்தாத பட்டியலில் எல்லோருமே திணறினோம். பாட்டிக்குத்தான் வித்தியாசம் மிக அதிகம். சராசரி போட்டுவிட்டு முடித்திருக்கலாம். ஆனால் அவள், "எல்லாருக்கும் ஈஸியான பட்டியலையே முதல்ல கொடுத்துட்டேனே, ரெண்டாவது வரும்போது பாட்டிக்குக் களைப்பா இருந்திருக்குமோ?" என்று கேட்டாள்.

அடுத்த உரையாடலில் இதை ஆலோசகரிடம் சொன்னபோது அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டும். பாதிப் பேருக்கு வரிசையை மாற்றிக் கொடுப்பதுதான் ஆய்வாளர்கள் கடைப்பிடிக்கும் வழி என்றார். வித்தியாசம் தற்செயலா, உண்மையா என்று சொல்லத்தான் புள்ளியியல் என்று அங்கிருந்து தொடர்ந்தார். 2015-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வைப் பற்றியும் சொன்னார்: உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளை வேறு குழுக்கள் திரும்பச் செய்து பார்த்தன. முதல் தடவை 97 சதவீத ஆய்வுகளில் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க முடிவு கிடைத்திருந்தது; திரும்பச் செய்தபோது 36 சதவீதத்தில்தான். இந்தத் துறைக்குள் போகிறவளுக்கு எண்களோடு பழக்கம் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை.

சரி, பள்ளியிலேயே உளவியல் பாடம் இருந்தால்? ஆர்வம் நிஜம்தானா என்று சோதிக்க நல்லது, ஆனால் பல பல்கலைக்கழகங்கள் அதைக் கட்டாயம் என்று கேட்பதில்லை என்றார். அறிவியல் பாடம் ஒன்று வேண்டும் என்று கேட்கும் இடங்களில் உளவியலை அறிவியலாக எடுத்துக்கொள்வார்களா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். சர்வதேச பேக்கலாரியேட் (IB) என்ற பள்ளிப் பாடத்திட்டத்தில் அது அறிவியல் குழுவிலேயே இல்லை. வரலாறு, பொருளியலோடு வேறு குழுவில் இருக்கிறது. எனவே போக நினைக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பக்கத்தையும் தனித்தனியாகப் படிக்கச் சொன்னார். கணிதம் அறவே வராத பிள்ளை அதை எடுத்து மதிப்பெண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், புள்ளியியல் வரும் வேறு பாடம் இருந்தால் அதை எடுக்கலாம் என்றும் சொன்னார். நேர்மையான பேச்சு.

இனி குறைகள். அந்த ஆளுமைக் கேள்வித்தாள் வேண்டவே வேண்டாம். பிள்ளைகளை நான்கு வகையாகப் பிரித்து ஒரு பட்டம் கொடுக்கிறது. மகளுக்கு முதலில் 'ஆய்வாளர்' என்று வந்தது. கொஞ்ச நாள் கழித்து அவளே திரும்ப நிரப்பியபோது 'வழிகாட்டி' ஆகிவிட்டாள். ஒரே ஆளை அளந்து இவ்வளவு மாறினால் அந்த அளவுகோலை நம்பி ஒரு பாடத்தையும் தேர்ந்தெடுக்க முடியாது. உளவியல் படிக்க வரும் பிள்ளையிடம் இப்படி ஒன்றைக் கொடுப்பது எனக்கு வருத்தமாகவே இருந்தது. இதை எழுதி அனுப்பினேன். நன்றி என்று ஒரு வரி பதில் வந்தது.

ரிப்போர்ட்டும் சுமார்தான். தாமதமாக வந்தது. பாதிக்கு மேல் எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும் பொதுவான வரிகள். ஸ்ட்ரூப் சோதனை பற்றி அதில் ஒரு சொல் இல்லை. அதை மகள் தன் விண்ணப்பக் கட்டுரைக்காகத் தனியே எழுதி வைத்திருக்கிறாள். அப்புறம், கட்டுரையைத் திருத்தித் தரும் பேக்கேஜ் ஒன்றை வாங்கச் சொல்லி அடிக்கடி மெயில் வரும். நாங்கள் வாங்கவில்லை. தன் சொந்தச் சோதனையைப் பற்றி அவள் சொந்த நடையில் எழுதுவதே போதும்.

மகள் இப்போது கணிதம், உயிரியல், வரலாறு எடுத்திருக்கிறாள். உரையாடலை மட்டும் தனியாகப் பதிவு செய்ய முடியும். தளத்தில் அது கண்ணில் படாது, உதவி எண்ணில் கேட்டால் ஏற்பாடு செய்து தருகிறார்கள். பதிவு செய்யும்போதே உளவியலில் பட்டம் பெற்ற ஆலோசகர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.