அக்சஸிலிருந்து லிப்ரேஆபிஸ் பேஸுக்கு: எஞ்சினை மாற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள்

மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான அக்சஸுக்கு இலவச மாற்று தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது லிப்ரேஆபிஸ் பேஸ். அக்சஸ் விண்டோஸில் மட்டுமே ஓடும். பேஸ் லினக்ஸ், மேக்கிலும் ஓடும். நல்ல மென்பொருள்தான். ஆனால் அது தானாக எடுத்துக் கொடுக்கும் எஞ்சினோடு (தரவைச் சேமித்துத் தேடித் தரும் உள் மென்பொருளோடு) அலுவலக வேலையைத் தொடங்கவே கூடாது.

காரணம் இது. 'புதிய தரவுத்தளம்' என்று சொடுக்கினால் கிடைப்பது ஹெச்எஸ்கியூஎல்டிபி 1.8 என்ற பழைய எஞ்சின். ஜாவா இல்லாமல் அது ஓடாது. பேஸ் சேமிக்கும் ஓடிபி கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப், அதாவது சுருக்கிக் கட்டிய கோப்புத் தொகுப்பு. திறக்கும்போது தரவு தற்காலிக இடத்தில் பிரிகிறது, சேமிக்கும்போதுதான் மறுபடி உள்ளே போகிறது. நடுவில் கரன்ட் போனால் அன்றைய பதிவுகள் போகலாம், கோப்பே கெட்டும் போகலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யவும் முடியாது. பேஸில் உள்ள இன்னொரு எஞ்சினான ஃபயர்பேர்டோ இன்னும் சோதனை நிலையைத் தாண்டவில்லை.

தரவை போஸ்ட்கிரெஸ் என்ற இலவசத் தரவுத்தள சர்வரில் வைத்து, பேஸை ஃபார்முக்கும் (தரவை உள்ளிடும் திரை) ரிப்போர்ட்டுக்கும் (அச்சிடும் அறிக்கை) மட்டும் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்கிறது. இணைப்பதற்கான டிரைவர் பேஸிலேயே இருக்கிறது.

மாற்றும் வேலையை டேபிள் பெயர்களில் தொடங்குங்கள். போஸ்ட்கிரெஸ் மேற்கோள் குறியில்லாத பெயர்களைச் சிற்றெழுத்தாக்கிவிடும். எனவே இடைவெளியும் பேரெழுத்தும் உள்ள பெயர்களை முன்கூட்டியே மாற்றிவிட்டால் பிறகு ஒவ்வொரு குவெரியிலும் (தரவைக் கேட்டு எடுக்கும் கட்டளை) மேற்கோள் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். லினக்ஸில் எம்டிபி டூல்ஸ் என்ற கருவி, அக்சஸ் கோப்பின் டேபிள் அமைப்பை போஸ்ட்கிரெஸ் வடிவிலேயே எழுதித் தரும். விண்டோஸில் தரவை சிஎஸ்வியாக (கமாவால் பிரித்த எழுத்துக் கோப்பு) எடுக்க அக்சஸின் எக்ஸ்போர்ட் விசார்டு போதும், ஆனால் அதில் 'அட்வான்ஸ்டு' பொத்தானை அழுத்தாமல் போகாதீர்கள். எழுத்துக் குறிமுறையான கோட்பேஜை யுடிஎஃப்-8 ஆக்கி, தேதியை ஆண்டு-மாதம்-நாள் வரிசைக்கு மாற்றி, நான்கு இலக்க ஆண்டையும் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் 05/04 என்பது ஏப்ரலா மே மாதமா என்று தெரியாமல் பாதித் தேதிகள் சத்தமில்லாமல் புரண்டுவிடும். கரன்ஸி நெடுவரிசை ரூபாய்க் குறியோடு வெளியே வரக்கூடும். போஸ்ட்கிரெஸ்ஸின் நியூமெரிக் வகை அதை ஏற்காது. குறியை நீக்கி நியூமெரிக் (19,4), அதாவது தசமத்துக்குப் பின் நான்கு உட்பட மொத்தம் 19 இலக்கம், என்று வையுங்கள்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய தமிழ்த் தரவு இருந்தால் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும். அது என்கோடிங் பிழை இல்லை, தரவே அப்படித்தான் பதிவாகியிருக்கிறது. சிஎஸ்வி கோப்பாக இருக்கும்போதே தமிழ் நெடுவரிசைகளை மட்டும் யுனிகோடுக்கு மாற்றுங்கள். முழுக் கோப்பையும் மாற்றினால் ஆங்கிலப் பெயர்களும் சேர்ந்து கெடும்.

ஏற்றி முடித்ததும் தானியங்கி எண்ணின் தொடரை, இருக்கும் பெரிய எண்ணுக்குத் தள்ளி வைக்க வேண்டும். மறந்தால் முதல் புதிய பதிவிலேயே 'எண் ஏற்கெனவே உள்ளது' என்று பிழை வரும். பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் நெடுவரிசை) இல்லாத டேபிளை பேஸ் படிக்க மட்டுமே விடும், திருத்த விடாது. 

குவெரிகளைக் கையால்தான் திருத்த வேண்டும். தேடலில் * இருந்த இடத்தில் %, ஐஐஎஃப் இருந்த இடத்தில் கேஸ் வென், என்இசட் இருந்த இடத்தில் கோஅலெஸ், எழுத்துகளை ஒட்டும் & இருந்த இடத்தில் || வரும். அக்சஸில் 'ஆம்' என்பதன் மதிப்பு -1. அதோடு ஒப்பிடும் நிபந்தனைகள் இங்கே ஓடாது. வரிசைகளை நெடுவரிசைகளாக மாற்றித் தொகுக்கும் கிராஸ்டேப் குவெரியை, கூட்டும் சார்பான சம்முக்குள் கேஸ் வைத்து எழுதிவிடலாம். பேஸ் தன் பாகுபடுத்தியால் தடுக்கிற குவெரிகளுக்கு 'எஸ்கியூஎல்லை நேரடியாக இயக்கு' பொத்தான் இருக்கிறது.

ஃபார்ம் எதுவும் மாறி வராது, புதிதாகத்தான் வரைய வேண்டும். அக்சஸ் பழகியவர் தடுமாறும் இடம் காம்போ பாக்ஸ். பேஸில் அது காட்டும் எழுத்தையே சேமிக்கும். எண்ணைச் சேமிக்க லிஸ்ட் பாக்ஸ் வேண்டும், அதன் குவெரியில் பெயர் முதலிலும் எண் இரண்டாவதாகவும் இருக்க வேண்டும். அக்சஸ் வழக்கத்துக்கு நேர் எதிர். சப்ஃபார்ம் மட்டும் நன்றாக வேலை செய்கிறது. ரிப்போர்ட் பில்டர் எளிய பட்டியல், பில்லுக்குப் போதும். அதற்கும் ஜாவா வேண்டும்.

அக்சஸின் நிரல் மொழியான விபிஏவில் அதிகம் எழுதியிருந்தால் யோசியுங்கள். லிப்ரேஆபிஸ் பேசிக்கின் இலக்கணம் ஒத்துப்போகும், ஆனால் ஃபார்மையும் ரெக்கார்ட்செட்டையும் (குவெரி தரும் பதிவுகளின் தொகுப்பு) கையாளும் வரிகள் அப்படியே ஓடாது. அக்சஸ்2பேஸ் என்ற நிரல் நூலகம் ஓரளவுக்குக் கைகொடுக்கும். பல ஆயிரம் வரிகள் இருந்தால் தரவை மட்டும் போஸ்ட்கிரெஸ்ஸுக்குக் கொண்டுபோய், பழைய அக்சஸ் ஃபார்மையே ஓடிபிசி என்ற பொது இணைப்பு முறை வழியாக அதோடு இணைப்பது மேல். உங்கள் அக்சஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்து, அதற்குப் பொருந்தும் டிரைவரைப் போட்டு, அதன் அமைப்பில் 'ட்ரூ இஸ் -1' என்பதை இயக்கி, 'பூல்ஸ் ஆஸ் சார்' என்பதை அணைத்துவிடுங்கள். அக்சஸ் கோப்புக்கு இருக்கும் 2 ஜிபி வரம்பு அப்போதே போய்விடும், ஃபார்ம்களை ஒவ்வொன்றாகப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.